கணினிப் பழுது நாடல்: ஒரு வரலாற்றுப் பார்வை

தமிழாசிரியர்க்கு 'வழு' என்னும் சொல் புதியதன்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகிய ஏழிடத்தும் வழு நிகழும் என்று நன்னூல் வகுத்துக் காட்டுவதை நாம் ஆண்டுதோறும் மாணவர்க்குப் பயிற்றி வருகின்றோம். "அவன் வந்தாள்" என்று ஒரு மாணவன் எழுதினால் அது பால் வழு. "நாளை வந்தான்" என்று எழுதினால் அது கால வழு. வழுவைக் கண்டவுடன் சிவப்பு மையால் சுழித்துவிடுதல் எவர்க்கும் எளிது. அது எவ்வகை வழு, எதனால் நேர்ந்தது என்று உணர்ந்து சொல்வதற்கே இலக்கணக் கல்வி வேண்டும். கணினி அறிஞர் ஆங்கிலத்தில் 'பக்' என வழங்கும் நிரற்பிழைக்கும் இன்று தமிழில் 'வழு' என்பதே பெயர். பெயரிட்டவர் நன்கறிந்தே இட்டனர் எனத் தோன்றுகிறது.

கணினியில் நேரும் பழுதை மாந்தர் எவ்வாறு நாடக் கற்றனர் என்னும் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கம். இவ்வரலாற்றை நான் தேடிப் படித்தமைக்கு என் பிழை ஒன்றே காரணமாயிற்று. அதனை முதற்கண் சொல்லிவிடுதல் முறையாகும்.

ஒரு பள்ளிக்கூட நிகழ்ச்சி

2004ஆம் ஆண்டில் நான் ஒரு தமிழ்ப்பள்ளியில் கணினி அறைக்குப் பொறுப்பாசிரியனாக இருந்தேன். ஒருநாட் காலை அவ்வறையிலிருந்த கணினிகளுள் ஒன்று இயங்கவில்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி சுழன்றது. மூன்று முறை 'பீப்' என ஒலித்தது. திரையோ இருண்டே கிடந்தது. முந்திய நாள் மாலை அதனை இறுதியாகப் பயன்படுத்தியவன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். அவனை அழைத்து, "என்ன செய்தாய்?" என்று கேட்டேன். "நான் ஒன்றும் செய்யவில்லை, ஐயா" என்றான். நான் நம்பவில்லை. கணினிக் கழகப் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்துவிட்டேன்.

மூன்று வாரங்களுக்குப் பின், பட்டணத்தில் கணினிக் கடையொன்றில் வேலை பார்த்துவந்த என் முன்னாள் மாணவர் பள்ளிக்கு வந்தார். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தார். 'ரேம்' எனப்படும் நினைவகப் பட்டையைக் கழற்றினார். "ஓர் அழிப்பான் கிடைக்குமா, ஐயா?" என்று கேட்டார். பென்சில் எழுத்தை அழிக்கும் சாதாரண அழிப்பான் ஒன்றைக் கொடுத்தேன். பட்டையின் ஓரத்திலுள்ள பொன்னிற முனைகளை அதனால் மெல்லத் தேய்த்துத் துடைத்து, மீண்டும் பொருத்தினார். கணினி உயிர்பெற்றது.

"ஈரக்காற்றும் தூசியும் செய்த வேலை, ஐயா. யாரும் கெடுக்கவில்லை" என்ற அவர், "மூன்று முறை ஒலித்ததே, அதைக் குறித்து வைத்தீர்களா?" என்றும் கேட்டார். நான் குறித்து வைக்கவில்லை. நினைவகத்தில் கோளாறு என்பதை அந்த ஒலி மூன்று வாரமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. 'எது பழுது?' என்று பொறியைக் கேட்க வேண்டிய நான், 'யார் குற்றம்?' என்று சிறுவனைக் கேட்டேன்.

அவனை அழைத்து என் தவற்றைச் சொன்னேன். அவன் தலையசைத்தான். ஆயினும், அடுத்த ஆண்டு ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும்வரை அவன் கணினி அறைக்குத் திரும்பி வரவில்லை. பழுதான பொறியை ஓர் அழிப்பான் சீர்ப்படுத்திற்று. என் சொல்லால் நேர்ந்த பழுதைச் சீர்ப்படுத்த எனக்கு ஒரு கருவியும் கிட்டவில்லை.

குழல்களின் காலம்

பொறியில் நேரும் சிறு கோளாறுகளைப் 'பூச்சி' எனக் குறிக்கும் வழக்கம் கணினிக்கு முந்தியது. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் தாமஸ் எடிசன் 1878ஆம் ஆண்டில் எழுதிய மடலொன்றில் இச்சொல்லை ஆண்டுள்ளார். ஒரு கருத்து மனத்தில் உதித்தபின் இத்தகைய சிறு இடர்கள் ஒவ்வொன்றாய்த் தலைகாட்டும் என்றும், அவற்றைக் களையப் பல திங்கள் கூர்ந்து நோக்கி உழைக்க வேண்டும் என்றும் அவர் அதில் குறித்தார். பழுது இழுக்கன்று, புதுப்படைப்போடு உடன்வருவது என்னும் தெளிவு அவரிடம் இருந்தது.

1946ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எனியாக் என்னும் மின்னணுக் கணினி உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்டது. எடை ஏறத்தாழ 30 டன். அதனுள் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள். பழைய வானொலிப் பெட்டியில் நாம் கண்ட குழல்களைப் போன்றவை அவை. ஒரு குழல் எரிந்து போனாலும் விடை பிழைபடும். இத்தனை குழல்கள் உள்ள பொறி சில நிமிடங்களுக்குமேல் ஓடாது என்று ஐயுற்றோர் பலர்.

பொறியியலாளர் பிரெஸ்பர் எக்கர்ட் குழல்களின் பழுதை ஊழ் எனக் கொள்ளவில்லை. அதன் காரணத்தை ஆராய்ந்தார். தாங்கக்கூடிய மின்னழுத்தத்திற்குக் குறைவாகவே செலுத்தினால் குழலின் வாழ்நாள் நீளும் என்பதைக் கண்டு, அவ்வாறே பொறியை அமைத்தார். பொறியை நிறுத்தி மீண்டும் முடுக்கும்போது ஏற்படும் வெப்ப மாற்றத்தினாலேயே குழல்கள் மிகுதியாகச் செயலிழக்கின்றன என்பதும் தெரியவந்தது. ஆதலின் பொறியை இயன்றவரை அணைக்காமல் வைத்தனர். நாளடைவில், ஏறத்தாழ இரண்டு நாளைக்கு ஒரு குழல் என்னும் அளவிற்குப் பழுது குறைந்தது.

அப்பொறிக்கு நிரல் அமைத்தோர் ஆறு பெண்கள்: கேத்லீன் மெக்நல்டி, பெட்டி ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், பிரான்சிஸ் பைலஸ், ரூத் லிக்டர்மன். கையேடு ஏதும் இல்லாத காலம் அது. சுற்று வரைபடங்களைக் கொண்டே அவர்கள் பொறியைக் கற்றனர். விடை தவறாக வந்தால், தவறு நிரலிலா, கம்பி இணைப்பிலா, குழலிலா என்று படிப்படியாகப் பிரித்தறியும் ஆற்றலையும் பெற்றனர். வன்பொருட் பழுது வேறு, மென்பொருட் பழுது வேறு என இன்று நாம் பிரிக்கும் பிரிவின் தொடக்கத்தை அவர்களிடம் காணலாம். அறிமுக விழாவில் அவர்கள் பெயர் கூறப்படவில்லை. அவர்தம் பணியின் அருமையை உலகம் உணரப் பல பத்தாண்டுகள் சென்றன.

அந்துப்பூச்சியும் குறிப்பேடும்

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க்-2 என்னும் கணினி தடுமாறிற்று. தேடியவர்கள் ரிலே எனப்படும் மின்விசை இணைப்பான் ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கிக் கிடக்கக் கண்டனர். அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, மெய்யாகவே பூச்சி அகப்பட்ட முதல் நிகழ்ச்சி இது என்னும் பொருள்பட நகைச்சுவையாகப் பக்கத்தில் எழுதியும் வைத்தனர். அக்குறிப்பேடு வாஷிங்டனிலுள்ள தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்திற்கு உரியதாய் இன்றும் உள்ளது.

இந்நிகழ்ச்சியால்தான் 'பக்' என்னும் சொல் பிறந்தது என்றும், அப்பூச்சியைக் கண்டெடுத்தவர் கிரேஸ் ஹாப்பர் என்னும் அம்மையார் என்றும் மாணவர் நூல்கள் சில கூறுவதுண்டு. இரண்டும் பொருந்தா. சொல் பழையது என்பதை எடிசன் மடலால் அறிந்தோம். ஹாப்பர் அக்குழுவில் பணியாற்றியவர். இக்கதையைப் பின்னாளில் பலருக்கும் சுவைபடச் சொல்லிப் பரப்பியவர். கண்டெடுத்தவர் அவரல்லர்.

ஆயினும் நாம் கருதத்தக்கது பூச்சியன்று, குறிப்பேடே. அன்று பிற்பகல் எந்நேரத்தில், எந்தப் பலகையில், எத்தனையாவது ரிலேயில் பழுது இருந்தது என்பதை அவர்கள் எழுதி வைத்தனர். எழுதி வைத்தமையால் ஒருவர் கண்டது மற்றவர்க்கும் பயன்பட்டது. நான் எழுதி வைக்காத அந்த மூன்று ஒலிகளை இங்கு நினைவுகூர்கின்றேன்.

தன் பிழையை உணர்ந்த பேராசிரியர்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் கணினி 1949ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் தன் முதல் நிரலை இயக்கிற்று. அடுத்த மாதமே வில்க்ஸ் சற்றுக் கடினமான நிரல் ஒன்றை எழுதி ஓட்ட முயன்றார். அது 126 வரிகளே கொண்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்நிரலின் துளைநாடாவை ஆராய்ந்தவர்கள், அதில் ஏறத்தாழ 20 பிழைகள் இருந்தமையைக் கண்டனர்.

பொறி இருந்த இடத்திற்கும் நாடாவில் துளையிடும் கருவி இருந்த இடத்திற்கும் மாடிப்படி ஏறி இறங்கியபோது, தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி தம்முடைய நிரல்களிலேயே பிழை தேடுவதில் கழியப்போகிறது என்னும் உண்மை தமக்கு உறைத்ததாக வில்க்ஸ் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். பொறியைப் படைத்த பேராசிரியர், பொறியைப் பழிக்கவில்லை, உதவியாளரையும் பழிக்கவில்லை. பிழை தம்முடையது என்று கொண்டார். அவ்வாறு கொண்டதனால், பிழை தேடும் பணியை முறைப்படுத்த அங்கு வழி பிறந்தது. அவர் குழுவைச் சேர்ந்த ஸ்டான்லி கில் 1951ஆம் ஆண்டில் நிரற்பிழைகளைக் கண்டறியும் முறைகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார். நிரல் ஓடும்போதே அது செய்யும் ஒவ்வொரு செயலையும் அச்சிட்டுக் காட்டும் உத்தி அவற்றுள் ஒன்று. மாணவன் கணக்கின் விடையை மட்டும் நோக்காமல் வழிமுறையை வரிவரியாகக் காட்டச் சொல்லும் ஆசிரியரின் முறையும் அதுவன்றோ?

தன்னைத் தானே சோதிக்கும் பொறி

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. கணினி ஆய்வுக்கூடத்தை விட்டு வீட்டிற்கும் பள்ளிக்கும் வருவதற்கு இதுவும் இதனைப் பின்பற்றி வந்தவையும் வழிவகுத்தன. வீட்டில் பொறியியலாளர் இல்லை. ஆகவே, பொறி தன் நோயைத் தானே சொல்லவேண்டிய நிலை ஏற்பட்டது. மின்விசை ஏறியவுடன் கணினி தன் நினைவகம், விசைப்பலகை, தட்டு இயக்கி முதலியவற்றைத் தானே சோதித்துக்கொள்ளும் அமைப்பு அதில் இருந்தது. எல்லாம் செம்மையாயின் ஒரு குறுகிய ஒலி எழும். பழுதிருப்பின் திரையில் எண் தோன்றும். அல்லது ஒலியின் எண்ணிக்கையும் நீளமும் வேறுபடும். ஒலிகளின் பொருள் செய்தவர்க்கேற்ப மாறும் என்பதால், பொறியோடு வரும் கையேட்டைப் பேணுதல் இன்றியமையாதது.

1995ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 95 மென்பொருள் 'பாதுகாப்பு முறை' என்னும் வசதியைத் தந்தது. கணினியை மிகத் தேவையான கூறுகளோடு மட்டும் இயங்கச் செய்வது அது. அம்முறையில் கணினி நன்கு ஓடினால், பிறகு சேர்க்கப்பட்ட ஏதோ ஒன்றில்தான் பழுது உள்ளது எனத் துணியலாம். எனியாக் பெண்கள் குழலையும் கம்பியையும் பிரித்து நோக்கிய அதே முறையை, இப்போது பொறியே நமக்கு எடுத்துத் தந்தது.

ஒரு கணித ஆசிரியரின் பொறுமை

பழுது நாடும் முறைக்கு ஆசிரியர் ஒருவரே சிறந்த எடுத்துக்காட்டாய் விளங்கியமை நமக்குப் பெருமை தருவது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர் தாமஸ் நைஸ்லி. இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டும் ஆய்வில் ஈடுபட்டிருந்த அவர், 1994ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தம் கணக்கு ஒத்துவராமையைக் கண்டார். அவர் உடனே எவரையும் குறைகூறவில்லை. முதலில் தம் நிரலை ஐயுற்றார். பின்னர் நிரலை மொழிபெயர்க்கும் மென்பொருளை ஐயுற்றார். அதன்பின் கணினியின் பிற உறுப்புகளை ஐயுற்றார். ஒவ்வொன்றாக மாற்றியும் விலக்கியும் சோதித்தார். நான்கு திங்கள் சென்றபின், 824633702441 என்னும் எண்ணையும் அதன் இணையையும் கொண்டு வகுக்கும்போது பெண்டியம் என்னும் செயலியே பிழையான விடை தருகிறது என்று உறுதி செய்தார். எட்டாம் இலக்கம் வரையில் விடை சரி; அதற்கு அப்பால் தவறு!

அக்டோபரில் அவர் அதனை இண்டெல் நிறுவனத்திற்கும் பின்னர் உலகத்தார்க்கும் அறிவித்தார். வகுத்தலுக்குரிய உள் அட்டவணையில் சில எண்கள் விடுபட்டிருந்தமையே காரணம். முதலில் தயங்கிய அந்நிறுவனம், டிசம்பரில் வேண்டுவோர்க்கெல்லாம் செயலியை மாற்றித் தர இசைந்தது. அதன்பொருட்டு 475 மில்லியன் டாலரை ஒதுக்கவும் நேர்ந்தது. ஒரு கல்லூரி ஆசிரியரின் சொல் வென்றமைக்குக் காரணம் அவர் குரலின் வலிமையன்று. பிற காரணங்கள் யாவற்றையும் ஒவ்வொன்றாய் நீக்கிய பின்னரே அவர் பேசினார்.

சிதைந்த எழுத்துகள்

தமிழர்க்கே உரியதொரு மென்பொருட் பழுதும் உண்டு. 1990ஆம் ஆண்டுகளில் ஒரு கணினியில் தட்டச்சிட்ட தேர்வுத் தாளை வேறொரு கணினியில் திறந்தால், தமிழெழுத்துக்கு மாறாகப் பொருளற்ற ஆங்கில எழுத்தும் குறியும் நிறைந்து தோன்றும். அந்நாளில் நானும் என் உடன்பணியாற்றியோரும் கோப்பு கெட்டுவிட்டது எனக் கருதி, இரவெல்லாம் அமர்ந்து மீண்டும் தட்டச்சிட்டதுண்டு. கோப்பு கெடவில்லை. ஒவ்வோர் எழுத்துருவும் தமிழெழுத்தைத் தனக்கு வாய்த்த எண்ணிடத்தில் வைத்திருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினி, அதே எண்ணுக்குத் தான் அறிந்த ஆங்கில எழுத்தைக் காட்டிற்று. பொறி பொய் சொல்லவில்லை. நமக்குள் பொதுவான உடன்பாடு இல்லாமையே பழுது.

இப்பழுதின் வேரை நாடியவர்களுள் நம் மண்ணைச் சேர்ந்தோர் முன்னின்றனர். சிங்கப்பூரில் ஆசிரியப் பயிற்சிப் பணியில் இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமியும், மலேசியாவில் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறனும் இம்முயற்சியில் குறிப்பிடத்தக்கவர். 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் 1999ஆம் ஆண்டில் சென்னையிலும் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடுகள் இதற்கெனவே அறிஞரை ஒன்றுகூட்டின. சென்னை மாநாட்டைத் தொடர்ந்து 'தமிழ்நெட் 99' என்னும் விசைப்பலகை பொதுமுறையாயிற்று. 1991ஆம் ஆண்டிலேயே ஒருங்குறித் தரத்தில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் கணினிகள் அதனைப் பரவலாக ஏற்றன. இன்று மாணவன் அனுப்பும் தமிழ்க் கட்டுரை எந்நாட்டுக் கணினியிலும் தமிழாகவே திறப்பது இவ்வுழைப்பின் பயன்.

பழுதும் பண்பும்

பழுது ஓய்ந்துவிடவில்லை. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் புதுப்பிப்புக் கோப்பில் நேர்ந்த பிழையால், ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் நீலத் திரையோடு முடங்கின. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலும் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கைமுறையாகப் பதிவு செய்ய நேர்ந்தது. பல இடங்களில் தொழில்நுட்பர் ஒவ்வொரு கணினியாகச் சென்று, பாதுகாப்பு முறையில் அதனைத் திறந்து, பிழைபட்ட கோப்பை நீக்கினர். மருந்து பழையதே.

திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் நோயை அறிதல், அதன் காரணத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல், பின்னரே செய்தல் என மருத்துவனுக்கு ஒரு வரிசை வகுத்துள்ளார். கணினி வரலாறு கற்பிப்பதும் அவ்வரிசையே. நம் பள்ளிக் கணினி அறைகளுக்கு அதனைப் பின்வருமாறு கொள்ளலாம்.

முதலாவது, திரையில் தோன்றும் செய்தியையும் எழும் ஒலியையும் உள்ளவாறே எழுதுக. இரண்டாவது, எளியதை முதலில் நோக்குக. செருகி கழன்றிருத்தலும் கம்பி தளர்ந்திருத்தலும் அடிக்கடி நேர்வன. மூன்றாவது, அண்மையில் மாறியது எது என வினவுக. புதிய மென்பொருளோ, விரலி வழி வந்த நச்சுநிரலோ காரணமாகலாம். நான்காவது, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. மூன்றை ஒருங்கே மாற்றிப் பொறி இயங்கினாலும், காரணம் எதுவென அறிய இயலாது. ஐந்தாவது, கண்டதைக் குறிப்பேட்டில் பதிக.

நாளும் நேரமும் தாமே பின்னோக்கிப் போனால், தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவ மின்கலம் தீர்ந்திருக்கலாம். சற்றுநேரம் ஓடிப் பின் தானே அணைந்தால், விசிறியில் தூசி அடைத்து வெப்பம் மிகுந்திருக்கலாம். வன்தட்டு 'டக் டக்' என ஒலித்தால், வேறு எதையும் செய்யுமுன் கோப்புகளைப் படியெடுத்தல் வேண்டும். பெட்டியைத் திறக்குமுன் மின்கம்பியைப் பிடுங்குதல் கட்டாயம். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் நாம் திறத்தலாகாது.

ஆசிரியப் பெருமக்களே, இவ்வைந்தும் கணினிக்கு மட்டும் உரியன அல்ல. வாசிக்கத் தடுமாறும் மாணவனை 'மந்தம்' என்று எழுதிவிடுதல் எளிது. கண்பார்வையா, எழுத்தறியாமையா, பசியா, வீட்டுச் சூழலா என்று ஒவ்வொன்றாய் நாடுவதற்குப் பொறுமை வேண்டும். மாணவச் செல்வங்களே, பழுது கண்டவிடத்து அஞ்சி ஓடாதீர். அது பிழையிருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு.

இன்று என் பள்ளிக் கணினி அறையில் வாயிலருகே ஒரு குறிப்பேடு தொங்குகிறது. நாள், கணினி எண், கண்டது, ஒலி, செய்தது என அதில் ஐந்து பத்திகள் உண்டு. 'பயன்படுத்தியவர் பெயர்' என்னும் பத்தியும் வேண்டாவா என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். வேண்டா என்றேன்.